டக்ஸ்ஃபோர்டில் பழைய விமானப் பயணம்: எதில் ஏறலாம், எதைக் கேட்டறியலாம்

கோடை விடுமுறையில் இங்கிலாந்து செல்லும் ஒரு குடும்பத்தினர், கேம்பிரிட்ஜுக்குத் தெற்கேயுள்ள டக்ஸ்ஃபோர்டு விமானத் திடலில் பழங்கால விமானமொன்றில் ஏறிச் சிறிது நேரம் சுற்றிப் பார்க்க விரும்புகிறார்கள். எண்பது ஆண்டுகளைத் தாண்டிய விமானத்தில் ஏறுவது பாதுகாப்பானதா, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா, 68 வயதான தாயாரையும் 10 வயது மகளையும் உடன் அழைத்துச் செல்லலாமா, அங்கே பறக்கும் பல வகை விமானங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். விமானப் பராமரிப்பில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட, 1930களின் பயணிகள் விமானமான டி ஹாவிலண்ட் டிராகன் ராப்பீட்டில் இடம் கிடைத்தால் மூவரும் ஏறுங்கள். வானிலையும் உடல்நிலையும் இடம் தந்தால் அதைத் தவறவிட வேண்டாம். ஏன் அந்த விமானம், அதற்கு முன் எதையெல்லாம் கேட்டறிய வேண்டும் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

டக்ஸ்ஃபோர்டு இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதன்முதலாக ஒரு படைப்பிரிவின் பணியில் சேர்ந்தது 1938 ஆகஸ்டில் இந்தத் திடலில்தான் என்பதால், அங்கே வருபவர்களின் கண் பெரும்பாலும் ஸ்பிட்ஃபயரின் மீதே செல்லும். இருவர் அமரும்படி மாற்றியமைக்கப்பட்ட ஸ்பிட்ஃபயரில் பணம் கட்டிப் பறக்கவும் முடியும், ஆனால் அதற்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். ஒருவர் மட்டும் அமர்ந்து போரிடுவதற்காக வடிவமைத்த விமானத்தில் பயணிக்கென்று இரண்டாவது இருக்கை வைத்தது பிற்காலத்து மாற்றம். டைகர் மாத் அப்படியல்ல. 1931இல் முதலில் பறந்து 8,000க்கும் மேல் கட்டப்பட்ட அந்தப் பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கைகள் தொடக்கம் முதலே இருந்தன. கூரையில்லாத முன் இருக்கையில் நீங்கள் அமர, விமானி உங்களுக்குப் பின்னால் இருந்து ஓட்டுவார். காற்று முகத்தில் அறைவதை விரும்பும் இளையவர்களுக்கு அது மிகவும் உகந்தது. எனினும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும், ஏறி இறங்கக் காலைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் தாயாருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

டிராகன் ராப்பீட் இவற்றிலிருந்து வேறுபடும் இடம் முக்கியமானது. அது பிறந்ததே கட்டணம் செலுத்தும் பயணிகளைச் சுமப்பதற்காக. இன்று அதில் ஏறுபவர் பெறுவது, 1930களில் சீட்டு வாங்கி ஏறிய ஒருவர் பெற்ற அதே பயணத்தைத்தான். அருங்காட்சியகப் பொருள்களில் இப்படி இன்னமும் தன் பழைய வேலையையே செய்துகொண்டிருப்பவை மிகக் குறைவு. கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா என்ற உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் இதிலேயே அடங்கியிருக்கிறது.

அதன் கதை ஒரு பேருந்து முதலாளியிடமிருந்து தொடங்குகிறது. எசெக்ஸ் மாவட்டத்தில் பேருந்துகள் நடத்திவந்த எட்வர்ட் ஹில்மன், பாரிசுக்குக் குறைந்த கட்டணத்தில் பயணிகளை ஏற்றிச் செல்ல இரண்டு எஞ்சின் கொண்ட சிக்கனமான விமானம் வேண்டும் என்று டி ஹாவிலண்ட் நிறுவனத்தைக் கேட்க, 1932இல் டிராகன் உருவாயிற்று. அதைவிட வேகமும் வலுவும் கூட்டி ஆர்தர் ஹேக் வடிவமைத்த ராப்பீட், 1934 ஏப்ரல் 17 அன்று ஹாட்ஃபீல்டில் முதன்முறையாகப் பறந்தது. அதை முதலில் வாங்கி ஓட்டியவரும் ஹில்மன்தான். ஒரு விமானி, ஆறு முதல் எட்டுப் பயணிகள், 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஜிப்சி சிக்ஸ் எஞ்சின்கள், இவ்வளவுதான் அதன் ஏற்பாடு. ஸ்காட்லாந்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்தது, கார்ன்வாலின் லேண்ட்ஸ் எண்டிலிருந்து சில்லித் தீவுகளுக்கு 1964 வரை ஆள் ஏற்றியது என அமைதியான பணிகள் பல அதன் கணக்கில் உண்டு. 1936 ஜூலையில் லண்டனின் கிராய்டனிலிருந்து கிளம்பிய ஒரு ராப்பீட், கேனரித் தீவுகளிலிருந்து தளபதி பிராங்கோவை ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த மொராக்கோப் பகுதிக்குக் கொண்டு சேர்க்க, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்ட நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்றாயிற்று. இரண்டாம் உலகப் போரில் வானொலி, வழியறிதல் பயிற்சிக்காகப் பெரும் எண்ணிக்கையில் கட்டப்பட்டதால் மொத்தம் 700ஐத் தாண்டியது. இன்று பறப்பவற்றுள் பல அந்தப் போர்க்காலத்து விமானங்கள்.

சுற்றிக் காட்டுவதற்காகக் கட்டணம் வாங்கிப் பறப்பதும் அந்தக் காலத்து வழக்கம்தான். 1932 முதல் 1935 வரை பிரிட்டிஷ் விமானி ஆலன் காபம் தம் விமானக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, மேய்ச்சல் நிலங்களில் இறங்கி, பிரிட்டன் மக்களில் ஏராளமானோருக்கு முதல் பறத்தலைக் காட்டினார். நம் நாட்டிலும் இதன் கிளை உண்டு. பிரிட்டிஷ் வான்படையிலிருந்து வெளிவந்த நெவில் வின்சென்ட் இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று பொதுமக்களை ஏற்றிப் பறந்து பிழைத்தவர். அவர்தான் பின்னர் ஜே.ஆர்.டி. டாட்டாவோடு சேர்ந்து அஞ்சல் விமானச் சேவையைத் தொடங்கினார். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வரை டாட்டா ஓட்டிவந்த அஞ்சலை, பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட். அந்தச் சேவையில் பயன்பட்ட புஸ் மாத் விமானமும் இதே டி ஹாவிலண்ட் நிறுவனத்தில் செய்யப்பட்டதே.

இனிப் பாதுகாப்பைப் பற்றி. உங்கள் கேள்விகளில் கனமானது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று விளக்குகிறேன்.

பழைய விமானங்களில் பயணிகள் இறந்த விபத்துகள் அண்மையிலும் நடந்திருக்கின்றன, அதை மறைத்துப் பயனில்லை. 2018 ஆகஸ்ட் 4 அன்று, 1939இல் கட்டப்பட்ட மூன்று எஞ்சின் கொண்ட யுங்கர்ஸ் யூ 52 விமானம், லொகார்னோவிலிருந்து டூபென்டார்ஃபுக்குத் திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செக்னாஸ் மலைச்சரிவில் விழுந்து அதிலிருந்த 20 பேரும் இறந்தனர். 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பயணிகளை ஏற்றிப் பறந்த பி-17 குண்டுவீச்சு விமானம் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்தனர். இந்த இரண்டு விபத்துகளின் விசாரணை முடிவுகளையும் விமானம் ஏறுமுன் ஒருவர் தெரிந்துகொள்வது நல்லது. சுவிஸ் விசாரணையாளர்கள், குறுகிய பள்ளத்தாக்கில் மிகவும் தாழ்வாக, தவறினால் திரும்பிச் செல்ல வழியில்லாத பாதையில் விமானிகள் பறந்ததையும், விமானத்தின் எடை மையம் (முழு எடையும் சமன்படும் புள்ளி) இருக்க வேண்டிய இடத்தைவிடப் பின்னால் இருந்ததையும் காரணங்களாகக் காட்டினர். உலோகத்தில் அரிமானமும் பராமரிப்புக் குறைகளும் கண்டுபிடிக்கப்பட்டன, ஆனால் அவை அந்த விபத்தின் நேரடிக் காரணமாகக் கருதப்படவில்லை. பி-17 விபத்தில் எஞ்சின் சக்தி குறைந்தபோது வேகத்தை விமானி சரிவரக் கையாளாததும், எஞ்சின்கள் போதிய பராமரிப்பின்றி இருந்ததும் சுட்டிக்காட்டப்பட்டன. பராமரிப்புக்குப் பொறுப்பாளரும் அந்த விமானியே.

மூன்றாவது ஒன்று, எங்கள் தொழிலில் இருப்பவர்களை அதிகம் கலங்க வைத்தது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் ஒரு பயணியை ஏற்றிச் சென்ற டைகர் மாத் வானிலேயே சிதைந்து இருவரும் இறந்தனர். உடற்பகுதியின் குறுக்கே சென்று இறக்கைகளின் சுமையைத் தாங்கும் எஃகுத் தண்டுகளில் முன்பே களைப்பு விரிசல்கள், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உண்டாகும் விரிசல்கள், இருந்தது பின்னர் தெரியவந்தது. அத்தண்டுகள் அந்த விமானத்தோடு பிறந்தவை அல்ல, மாற்றாகச் செய்து பொருத்தப்பட்டவை. ஆகவே "விமானத்துக்கு எத்தனை வயது" என்று கேட்பதைவிட, "எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் செய்த பாகம், யார் கையெழுத்திட்டார்" என்று கேட்பதே பொருளுடையது. நன்றாகப் பராமரிக்கப்படும் ராப்பீட்டில் மேல் போர்த்திய துணி, கம்பிகள், எஞ்சினின் உள்ளுறுப்புகள், சக்கரங்கள் எனப் பெரும்பகுதி குறித்த கால அளவில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதன் உடல் ஸ்புரூஸ் மரச் சட்டமும் பிளைவுட்டும் சேர்ந்தது, இறக்கை மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. மரத்துக்கு உலோகத்தைப் போலக் களைப்பு விரிசல் வருவதில்லை, ஆனால் ஈரம் அதன் பகை. ஒட்டிய இணைப்புகளுக்குள் நீர் புகுந்தால் பசை தளரும், மரம் உளுக்கும். அதனால்தான் இத்தகைய விமானங்களைத் திறந்த வெளியில் விடாமல் கொட்டகைக்குள் நிறுத்துகிறார்கள், துணியைப் பிரிக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஒவ்வோர் இணைப்பையும் சோதிக்கிறார்கள்.

பயணியாகச் செல்லும் உங்களால் மர இணைப்பைச் சோதிக்க முடியாது. ஆனால் உரிமத்தைப் பற்றிக் கேட்க முடியும். பிரிட்டனில் பழைய விமானங்களில் பணம் வாங்கி ஆள் ஏற்றுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வணிக விமான நிறுவனங்களைப் போலவே விமானம் இயக்கும் நிறுவனத்துக்கான சான்றிதழ் பெற்று, பறக்கத் தகுதியானது என்ற முழுமையான சான்று உள்ள விமானத்தை ஓட்டுவது. மற்றொன்று, ஸ்பிட்ஃபயர் போன்ற முன்னாள் ராணுவ விமானங்களுக்கு உரியது. அவை வணிக விமானத்தின் தரத்துக்கு நிகரானவை அல்ல என்பதைப் பயணிக்கு விளக்கிச் சொல்லி, அவர் அதைப் புரிந்து ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகே ஏற்றிச் செல்ல விமானப் போக்குவரத்து ஆணையம் இசைவு தருகிறது. இரண்டாவது வழியில் தவறு ஒன்றுமில்லை, முடிவெடுக்கும் வயதுவந்த ஒருவர் தெரிந்தே ஏற்கும் ஆபத்து அது. ஆனால் 10 வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லும்போது முதல் வழியில் இயங்கும் விமானத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். முன்பதிவு செய்யும்போது எந்த ஏற்பாட்டின்கீழ் பறக்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் உடனே, தெளிவாகப் பதில் சொல்லும்.

முன்பதிவின்போது ஒவ்வொருவரின் எடையையும் கேட்பார்கள், அதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நிறைசுமையோடு ராப்பீட்டின் எடை ஏறக்குறைய 2,500 கிலோ. அதில் ஓர் ஆள் இடம் மாறி அமர்ந்தாலே எடை மையம் நகரும். சுவிஸ் விபத்தின் அறிக்கை எடை மையத்தைப் பற்றிச் சொன்னதை மேலே எழுதினேன். விமானி உங்களைக் குறிப்பிட்ட இருக்கையில் அமரச் சொன்னால், மகளோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். நடுவில் சிறு நடைவழி விட்டு இருபுறமும் ஒற்றை இருக்கைகள் இருப்பதால் எல்லோருக்கும் சன்னல் கிடைக்கும். இருக்கையைத் தேர்ந்துகொள்ள விட்டால், கீழிறக்கைக்கு நேர்மேலே இருக்கும் நடு இருக்கைகளைத் தவிர்க்கலாம். பின் இருக்கையிலிருந்து தரை நன்றாகத் தெரியும். முன் இருக்கை கிடைத்தால் மூக்குப் பகுதியில் தனியாக அமர்ந்திருக்கும் விமானியின் கைகள் வேலை செய்வதைப் பார்க்கலாம். மகளை அங்கே அமர்த்த முடிந்தால் அவள் கொடுத்துவைத்தவள்.

ஏறுவது எளிது, கதவு உடலின் பின்பக்கத்தில் தாழ்வாக இருக்கும். ஆனால் வால் சக்கரம் உள்ள விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டே நிற்கும், ஆகவே உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்தபடி மேட்டின் மேல் ஏறுவதுபோல் நடக்க வேண்டும். தாயாருக்கு முழங்கால் வலி இருந்தால், பின் இருக்கையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காதடைப்பு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சுற்றுலாப் பறத்தல் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 அடி உயரத்தில் நடக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் குறையும். நீங்கள் இங்கிலாந்துக்கு வந்த ஜெட் விமானத்தின் அறைக்குள் இருக்கும் அழுத்தமே 6,000 அடிக்கு மேற்பட்ட மலை ஒன்றின் உச்சிக்கு நிகரானது. அதைத் தாங்கிய காதுக்கு இது சிரமமாக இராது. சத்தம்தான் அதிகம், குழந்தைக்குக் காதுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதயநோய், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை போன்றவை இருப்பின் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது முறை.

எஞ்சின் கிளம்பும்போது நீலநிறப் புகை குபீரென வரும், அஞ்ச வேண்டாம். ஜிப்சி சிக்ஸ் எஞ்சினில் ஆறு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குகின்றன. புரொப்பல்லரின் அச்சு உயரத்தில் அமைந்து, அதன் நுனி தரையில் படாமலிருக்க உதவும் ஏற்பாடு இது. நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும், முதல் சில சுற்றுகளில் அது எரிந்து புகையாகிறது. ஓடுபாதைக்குச் செல்லும் முன் விமானி விமானத்தை நிறுத்தி எஞ்சினை முடுக்குவார், அப்போது ஒலி சற்றே தணிந்து மீண்டும் ஏறுவதைக் கேட்பீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்குத் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் தனித்தனி மேக்னெட்டோக்கள் உண்டு. ஒன்றை அணைத்து மற்றொன்று மட்டும் எஞ்சினை ஓட்டுகிறதா என்று விமானி சோதிக்கிறார். சுழற்சி குறிப்பிட்ட அளவைவிட அதிகமாகத் தணிந்தால் அவர் பறக்காமல் திரும்பிவிடுவார். அப்படித் திரும்பினால் மனம் வருந்தாதீர்கள், நீங்கள் சரியான நிறுவனத்திடம் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஓடத் தொடங்கியதும் முதலில் வால் எழும், சரிந்திருந்த தளம் சமமாகும், அதன்பின் சற்று நேரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டரைச் சிறிதே தாண்டிய வேகத்தில் புல்தரையை விட்டு எழுந்துவிடும். இவ்வளவு குறைந்த வேகத்தில் அது எழக் காரணம், எடைக்கு இறக்கைப் பரப்பு மிகுதியாக இருப்பது. ராப்பீட்டின் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறக்குறைய 80 கிலோவைச் சுமக்கிறது, இன்றைய போயிங் 737 போன்ற விமானத்தில் அது 600 கிலோவுக்கும் மேல். இதற்கு மறுபக்கமும் உண்டு. வெயிலில் சூடான வயல்களிலிருந்து எழும் காற்று பெரிய விமானத்தைத் தொடாமல் விட்டாலும் இதைத் தூக்கிப் போடும். அதனால் நடுப்பகலைத் தவிர்த்துக் காலையிலோ, மாலையில் வெயில் தணிந்த பிறகோ நேரம் கேளுங்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறாமல், வெறும் வயிற்றிலும் ஏறாமல், கண்ணைத் தொடுவானத்தில் வைத்திருந்தால் பெரும்பாலோருக்குக் குமட்டல் வராது.

பத்து நிமிடப் பறத்தலை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுவதிலும் இறங்குவதிலுமே அதில் பாதி போய்விடும். கேம்பிரிட்ஜ் அங்கிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ராப்பீட்டுக்கு ஐந்து நிமிடத் தொலைவு. நகரின் மீது ஒரு சுற்றாவது வரும் பயணத்தைக் கேளுங்கள். 1446இல் தொடங்கி 1515இல் கட்டி முடிக்கப்பட்ட கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் நீண்ட கூரையும் நான்கு மூலைக் கோபுரங்களும், அதன் பின்னே வளைந்து செல்லும் கேம் ஆறும் மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தி விளங்கும். நகருக்கு மேற்கே மேடிங்லியில், 3,800க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் புதைக்கப்பட்ட நிலத்தில் வெண்கற்கள் விசிறி விரித்தாற்போல் வளைந்த வரிசைகளாய் நிற்பதையும் காணலாம். நகரின்மேல் பறக்கையில் மிக உயர்ந்த கட்டடத்துக்கு மேல் 1,000 அடியாவது விட வேண்டும் என்பது விதி. தெற்கே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் வான்வெளி தொடங்கிவிடுவதால், அந்தப் பக்கம் விமானி நினைத்தபடி உயர முடியாது. ஆகவே "இன்னும் கொஞ்சம் தாழ்வாக", "இன்னும் கொஞ்சம் மேலே" என்று கேட்பதில் பயனில்லை.

வெளியே மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இரண்டு இறக்கைகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளைக் கவனியுங்கள். விமானம் பறக்கும்போது ஒருவகைக் கம்பிகளும், தரையில் நிற்கும்போது மற்றவகைக் கம்பிகளும் இறக்கையின் சுமையை ஏற்கின்றன. இரண்டு எஞ்சின்களின் சுழற்சி சிறிதளவு மாறுபட்டால் ஒலி அலையலையாய் ஏறி இறங்கும், விமானி கைப்பிடியை நகர்த்தி இரண்டையும் ஒருமைப்படுத்தியதும் அது ஒரே சீரான முழக்கமாய் மாறும். இதைத் தானியங்கிக் கருவி எதுவுமின்றி அவர் காதால் கேட்டுச் செய்கிறார். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அந்தக் கணம். படம் எடுக்கும்போது கைப்பேசியைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைக்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கும். புரொப்பல்லர் வளைந்து துண்டு துண்டாய்த் தெரிந்தால் அது கைப்பேசியின் படமெடுக்கும் முறையால் வருவது, விமானத்தில் குறையில்லை.

இறங்குவதில் காற்றின் திசை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வால் சக்கர விமானத்தில் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், பக்கவாட்டுக் காற்று வாலைத் தள்ளினால் விமானம் தரையில் சுழன்றுவிட முயலும். டக்ஸ்ஃபோர்டின் ஓடுபாதை தென்மேற்கு, வடகிழக்குத் திசையில் அமைந்தது. அப்பகுதியில் மிகுதியாக வீசும் தென்மேற்குக் காற்றுக்கு அது பொருத்தமானதே. வடமேற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று பலமாக வீசும் நாளில், வானம் தெளிவாக இருந்தாலும் பறத்தலை நிறுத்திவிடுவார்கள். அதனால் இங்கிலாந்தில் நீங்கள் இருக்கும் நாட்களின் கடைசி நாளுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஒரு நாளை வாங்கிக்கொண்டு, தடைபட்டால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியக நுழைவுச்சீட்டு விமானக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். லண்டனிலிருந்து ரயிலில் வருவதானால் விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து திடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.